எடை குறைத்தலும் குறைத்ததைக் காத்தலும்: பேன்டிங்கின் மடல் முதல் அமெரிக்கப் பதிவேடு வரை (1863–1997)

ஆய்வுச் சுருக்கம்

உணவாலும் உடற்பயிற்சியாலும் உடல் எடையைக் குறைக்கும் முயற்சிகளின் வரலாறு பெரும்பாலும் உணவுமுறைகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. குறைத்த எடையைத் தக்கவைத்தல் தனியொரு சிக்கல் என்பது மருத்துவ உலகில் காலந்தாழ்த்தியே உணரப்பட்டது. இத்தாமதம், எடை திரும்பியதற்கான பொறுப்பை நோயாளியின் மனவுறுதியின்மேல் சுமத்த இடந்தந்தது என்பதை இங்கிலாந்து, அமெரிக்கா, வங்காளம் ஆகிய இடங்களின் சான்றுகள்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உடற்பருமன், பத்தியம், கலோரி, பேன்டிங், எடை தக்கவைத்தல்

முன்னுரை

உணவுக் கட்டுப்பாட்டைக் குறிக்கத் தமிழில் நெடுங்காலமாக வழங்கும் சொல் பத்தியம். மருந்துண்ணும் காலத்தில் புளி, உப்பு, எண்ணெய் முதலியவற்றை விலக்குவதும், அக்காலம் முடிந்தபின் பத்தியம் முறிப்பதும் மரபு. ஆகவே பத்தியம் என்பது தொடக்கமும் முடிவும் உடையதோர் ஒழுங்கு. 'டயட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் மூலமாகிய 'தியைத்தா' என்ற கிரேக்கச் சொல்லோ வாழும் முறை முழுவதையும் சுட்டியது. உணவோடு உறக்கம், நீராடல், உடற்பயிற்சி ஆகியனவும் அதனுள் அடங்கின. எடைக் குறைப்பின் வரலாறு இவ்விரு பொருள்களுக்கும் இடையே நிகழ்ந்த ஊசலாட்டம் எனலாம். திருக்குறளின் மருந்து அதிகாரம் வலியுறுத்தும் அளவறிந்துண்ணல் வாழ்நாள் முழுவதற்கும் உரியது. எனினும் வள்ளுவரின் கவலை நோய் பற்றியதேயன்றி உடல் எடை பற்றியதன்று. அதனை எடைக் குறைப்புக்குரிய பழந்தமிழ்ச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

பேன்டிங்கின் மடல்

வில்லியம் பேன்டிங், அரச குடும்பத்தின் இறுதிச்சடங்கு ஏற்பாடுகளைக் கவனித்துவந்த இலண்டன் நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1862 ஆகஸ்டில் ஐந்தடி ஐந்தங்குல உயரமுடைய அவரது எடை 202 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 92 கிலோ. குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட இயலாமலும், படிகளில் பின்புறமாகத் திரும்பி மெல்ல இறங்கியும் அவர் அல்லலுற்றார். அதற்கு முன்னரே துருக்கிக் குளியல், ஊற்றுநீர்ச் சிகிச்சை, குதிரையேற்றம் எனப் பலவற்றையும் அவர் முயன்று பார்த்திருந்தார். மருத்துவர் ஒருவரின் அறிவுரைப்படி நாள்தோறும் காலையில் படகு வலித்தபோது தசை வலுப்பெற்றது. உடன் பசியும் பெருகியது. ஆகவே எடை குறையவில்லை.

செவித்திறன் குறைந்ததன் பொருட்டு அவர் நாடிய அறுவை மருத்துவர் வில்லியம் ஹார்வி, கல்லீரல் சர்க்கரையை உண்டாக்குவது குறித்துப் பாரிசில் கிளாட் பெர்னார்டு நிகழ்த்திய சொற்பொழிவைக் கேட்டிருந்தவர். ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றைப் பேன்டிங் விலக்க வேண்டுமென ஹார்வி பணித்தார். இறைச்சி, மீன், உருளைக்கிழங்கல்லாத காய்கள், சிறிதளவு வாட்டிய ரொட்டி, பழம், கிளாரெட் மது ஆகியன அனுமதிக்கப்பட்டன. ஓராண்டளவில் 46 பவுண்டு குறைந்தது. இடுப்பளவு பன்னிரண்டு அங்குலத்திற்குமேல் சுருங்கியது. 1863இல் பேன்டிங் தம் சொந்தச் செலவில் அச்சிட்டு இலவசமாக வழங்கிய 'உடற்பருமன் குறித்த மடல்' சில மாதங்களிலேயே விற்பனை நூலாயிற்று. அவர் பெயரே ஆங்கிலத்தில் உணவுக் கட்டுப்பாட்டைக் குறிக்கும் வினைச்சொல்லாயிற்று. சுவீடிய மொழியில் 'பண்டா' என அது இன்றும் வழங்குகிறது.

மடலை ஆராய்ந்தோர் பெரும்பாலும் மாச்சத்தைக் குறைத்த உணவுமுறையின் முன்னோடியாகவே அதனைக் கொண்டாடுகின்றனர். அவ்வாசிப்பு பிழையன்று, ஆயினும் குறையுடையது. 1869இல் வெளிவந்த நான்காம் பதிப்பே கூடுதல் கவனத்திற்குரியது. வாரத்தில் ஐந்து அவுன்ஸ் சர்க்கரையைப் பரவலாக உட்கொண்டால் எடை ஏறக்குறைய ஒரு பவுண்டு கூடுவதைத் திரும்பத்திரும்பச் சோதித்தறிந்ததாக அவர் அதில் பதிவுசெய்கிறார். எடை குறைந்து ஆண்டுகள் பல கடந்தபின்னும் அவர் தம்மை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்டதையும் கூடியதையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். அதாவது, அவர் பத்தியத்தை முறிக்கவில்லை. 1878இல், எண்பது வயதைக் கடந்து அவர் இறந்தார். அவரைப் பின்பற்றியோர் எடுத்துக்கொண்டது உணவுப் பட்டியலை மட்டுமே.

கலோரியும் குற்றமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் வில்பர் அட்வாட்டர் உணவின் ஆற்றலைக் கலோரியில் அளந்தார். அவ்வளவையைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தவர் மருத்துவர் லூலு ஹன்ட் பீட்டர்ஸ். 1918இல் வெளிவந்த அவரது நூல் பெருவிற்பனை கண்டது. முதல் உலகப்போரின் உணவுத் தட்டுப்பாட்டுச் சூழலில், உடலில் கொழுப்பைத் தேக்கிவைத்தல் நாட்டுப்பற்றுக்கு ஒவ்வாதது என அது எழுதியது. வரவு செலவுக் கணக்காக உடல் கருதப்பட்டதும், கணக்குத் தவறியவர் குற்றவாளியாகும் நிலை எளிதில் தோன்றியது.

அக்கணக்கின் செலவுப் பக்கம் நிலையானதன்று என்பதை மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 1944–45இல் நிகழ்த்திய பட்டினி ஆய்வு வெளிப்படுத்தியது. போருக்குப்பின் ஐரோப்பாவில் பசியால் வாடியோரை மீட்கும் வழியை அறிவதே அதன் நோக்கம். போரில் ஆயுதமேந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து, 24 வாரங்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,600 கலோரி உண்டு, வாரந்தோறும் 22 மைல் நடந்தனர். அவர்கள் தம் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தனர். உடலின் ஆற்றல் செலவு பெரிதும் சுருங்கியது. உணவைப் பற்றிய நினைவே மனத்தை ஆட்கொண்டது. கட்டுப்பாடு நீங்கியபின் அவர்களது பசி எளிதில் அடங்கவில்லை. உடற்கொழுப்பு முன்னிருந்த அளவையும் கடந்தது. இவர்கள் பருமனானவர்கள் அல்லர். மனவுறுதியிற் குறைந்தவர்களும் அல்லர். எனினும் 1950இல் இரு தொகுதிகளாக வெளிவந்த இவ்வாய்வு, எடைக் குறைப்பைப் பற்றியதாக நெடுநாள் வாசிக்கப்படவில்லை.

1959: எண்ணிப் பார்த்த ஆய்வு

குறைத்த எடை எத்தனை பேரிடம் நிலைக்கிறது என்ற எளிய வினாவை ஆல்பர்ட் ஸ்டங்கர்டும் மேவிஸ் மெக்லாரன்-ஹியூமும் 1959இல் எழுப்பினர். முந்தைய முப்பதாண்டு வெளியீடுகளுள் போதிய விவரம் தந்தவை எட்டு மட்டுமே என அவர்கள் கண்டனர். நியூயார்க் மருத்துவமனையின் உணவூட்டப் பிரிவுக்கு வந்த நூறு பேரை அவர்கள் தொடர்ந்து கவனித்தனர். அவர்களுள் 20 பவுண்டோ அதற்குமேலோ குறைத்தோர் பன்னிருவர். ஈராண்டின்பின் அதனைத் தக்கவைத்தோர் இருவர்.

நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தோற்பர் என்று பின்னர் எங்கும் பேசப்பட்ட கூற்றுக்கு இவ்வாய்வே அடிப்படையாயிற்று. ஒரு மருத்துவமனையில், உணவு அறிவுரையன்றி நீடித்த துணை ஏதும் பெறாத நோயாளிகளைப் பற்றிய முடிவு மாந்த இயல்பு பற்றிய விதியாக மாற்றப்பட்டமை ஆய்வு வரலாற்றில் எச்சரிக்கையுடன் நோக்கத்தக்கது. ஆயினும் இவ்வாய்வின் பயன் பெரிது. தோல்வி இத்துணைப் பரவலாயின் பிழை நோயாளியிடம் மட்டும் இருத்தல் இயலாது என்ற ஐயத்தை அது எழுப்பியது.

உடற்பயிற்சியின் இடம்

படகு வலித்தவருக்குப் பசியெடுத்த பேன்டிங்கின் அனுபவம், உடற்பயிற்சி பயனற்றது என்னும் கருத்துக்குத் துணைநின்றது. 1956இல் ஜீன் மேயரும் உடனாய்வாளர்களும் வங்காளத்தின் செங்கைல் சணல் ஆலைத் தொழிலாளர் 213 பேரிடம் நிகழ்த்திய ஆய்வு இக்கருத்தைத் திருத்தியது. கடின உழைப்பாளர் மிகுதியாக உண்டனர்; அவர்களது எடை கூடவில்லை. உழைப்புக்கேற்ப உணவும் பெருகும் என்பது இவ்வளவில் பேன்டிங்கின் பட்டறிவோடு ஒத்துப்போகிறது. ஆனால் அமர்ந்தே பணிபுரிந்தோரின் உணவு உழைப்புக்கேற்பக் குறையவில்லை. அவர்களே எடை மிக்கோராகவும் இருந்தனர். உழைப்பு மிகவும் தாழ்ந்த நிலையில் பசி தன் அளவை இழக்கிறது என மேயர் கருதினார். ஒரு காலத்தில் ஒரே ஆலையில் எடுத்த குறுக்குவெட்டுச் சான்று இது; காரணத்தை முற்றாக நிறுவ இது போதாது. எனினும் எடையைக் குறைக்கும் கருவி என்பதினும் பசியை ஒழுங்குசெய்யும் துணையாக உடலுழைப்பைக் காணும் நோக்கு இதிலிருந்தே வலுப்பெற்றது.

1994இல் ரீனா விங்கும் ஜேம்ஸ் ஹில்லும் அமெரிக்காவில் தொடங்கிய தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேடு, ஸ்டங்கர்டின் வினாவை மறுமுனையிலிருந்து அணுகியது. குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஓராண்டேனும் தக்கவைத்தோர் அதில் சேர்க்கப்பட்டனர். 784 உறுப்பினர்களைப் பற்றிய 1997ஆம் ஆண்டு அறிக்கையின்படி, அவர்கள் குறைத்த சராசரி எடை 30 கிலோ. வாரத்திற்கு ஏறத்தாழ 2,800 கலோரி செலவாகும் உடலுழைப்பு, கொழுப்பும் ஆற்றலும் குறைந்த உணவு ஆகியன அவர்களிடையே பொதுவாகக் காணப்பட்டன. அடிக்கடி எடை பார்க்கும் வழக்கமும் பரவலாக இருந்தது. அது 1869இல் பேன்டிங் கைக்கொண்ட பழக்கமே. பெரும்பாலோர் அதற்குமுன் பலமுறை எடை குறைத்து மீண்டும் பெருத்தவர்கள். எனவே அவர்களை இயல்பிலேயே மனவுறுதி மிக்கோர் என்று தனியினமாக்க இயலாது. ஆயினும் இவர்கள் தாமாக முன்வந்து பதிவுசெய்துகொண்டவர்கள். இதே வழியைக் கைக்கொண்டும் எடை திரும்பப் பெற்றோர் பதிவேட்டில் இடம்பெறார். ஆகலின் இவ்வழி எத்தனை பேருக்கு உதவும் என்னும் 1959இன் வினாவுக்கு இப்பதிவேட்டிலிருந்து விடை பெற இயலாது.