கோஸ்டாரிக்காவில் வெளிநாட்டு மாணவர்களின் வேளாண், இயற்கைக் களக்கல்வி

மத்திய அமெரிக்காவின் சிறிய நாடான கோஸ்டாரிக்காவுக்கு ஆண்டுதோறும் பல நாடுகளிலிருந்து கல்லூரி மாணவர்கள் வேளாண்மையும் சூழலியலும் படிக்க வருகிறார்கள். சிலர் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்புக்கு வருகிறார்கள். சிலர் ஒரு பருவம் தங்கிப் படித்து, அந்த மதிப்பெண்களைத் தம் கல்லூரிக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். கோடை விடுமுறையில் சில வாரங்களுக்கு மட்டும் வருவோரும் உண்டு. வயலையும் காட்டையும் ஒரே பாடமாகக் கற்பிப்பது இந்த நாட்டுக் களக்கல்வியின் தனித்தன்மை. பெரும்பாலான நாடுகளில் வேளாண் கல்லூரி ஒரு பக்கம், வனவியல் கல்லூரி மறுபக்கம் என்று பிரிந்து கிடக்கும் இரண்டும் இங்கே ஒரே வேலியின் இரு புறங்களில் இருக்கின்றன.

இதற்கு முதல் காரணம் நில அமைப்பு. நாட்டின் பரப்பு சுமார் 51,100 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பாதிக்கும் குறைவு. ஆனால் ஒரு பக்கம் பசிபிக் பெருங்கடல், மறுபக்கம் கரீபியக் கடல், நடுவே 3,800 மீட்டருக்கும் மேல் உயரும் மலைத்தொடர். கரீபியச் சரிவில் ஆண்டு முழுவதும் மழை. வடமேற்கே குவானகாஸ்தே பகுதியில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழையே இராது. மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். காலையில் வறண்ட காட்டில் புறப்படும் மாணவர் குழு, மாலைக்குள் மேகம் தவழும் மலைக்காட்டுக்குப் போய்விடலாம். வெப்பம், மழை, ஈரப்பதம் ஆகியவற்றை வைத்துத் தாவர மண்டலங்களை வகுக்கும் முறையை 1947-இல் வெளியிட்ட லெஸ்லி ஹோல்ட்ரிட்ஜ், பின்னர் இந்த நாட்டிலேயே குடியேறியவர். அவருடைய கணக்கில் இங்கே 12 உயிர்மண்டலங்கள் உள்ளன.

இரண்டாவது காரணம், இந்த நாடு காட்டை இழந்து மீட்ட கதை. 1940-களில் நிலத்தின் முக்கால் பங்கு காடாக இருந்தது. மாட்டுப் பண்ணைகளுக்காகவும் தோட்டங்களுக்காகவும் வெட்டப்பட்டு, 1980-களில் அது ஏறத்தாழ கால் பங்காகச் சுருங்கியது. இன்று மீண்டும் பாதிக்கு மேல். 1996-ஆம் ஆண்டின் வனச் சட்டம் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதைத் தடுத்தது. கரியைத் தேக்குதல், நீரைக் காத்தல், பல்லுயிரைப் பேணுதல், இயற்கை அழகு என்னும் நான்கு பயன்களுக்காக நில உரிமையாளருக்குப் பணம் கொடுக்கவும் வழி செய்தது. எரிபொருள் வரியின் ஒரு பகுதி இதற்குப் போகிறது. மாட்டிறைச்சி விலையின் சரிவும், நெடுக விரிந்த தேசியப் பூங்காக்களும் இந்த மீட்சிக்குத் துணை செய்தன. எது எவ்வளவு உதவியது என்பது அறிஞர்கள் இன்னும் வாதிடும் கேள்வி. அதனாலேயே அது நல்ல பாடமாகவும் இருக்கிறது.

பண்ணையாகத் தொடங்கிய காட்டு நிலையம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவும் கோஸ்டாரிக்காப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1963-இல் வெப்பமண்டல ஆய்வுகளுக்கான அமைப்பை நிறுவின. வெப்பமண்டலத்தைப் பற்றிக் குளிர்நாட்டு வகுப்பறையில் உட்கார்ந்து படித்தால் போதாது என்பதே அதன் அடிப்படை எண்ணம். சரபிக்கீ பகுதியில் உள்ள லா செல்வா நிலையத்தை அது 1968-இல் வாங்கியது. உலகில் மிக அதிகமாக ஆராயப்பட்ட மழைக்காடுகளில் லா செல்வாவும் ஒன்று. ஆனால் அது முதலில் ஹோல்ட்ரிட்ஜின் பண்ணை. கொக்கோவையும் மரப்பயிர்களையும் கலந்து நட்டு, காட்டை அழிக்காமல் வேளாண்மை செய்ய முடியுமா என்று பார்ப்பதற்காக 1950-களில் அவர் அந்த நிலத்தை வாங்கினார். இன்று சுமார் 1,600 ஹெக்டேர் பரப்புள்ள இந்த நிலையத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 மீட்டர் மழை பெய்கிறது. 400-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியுள்ளன. தெற்கே பிராவுலியோ கரியோ தேசியப் பூங்கா வழியாக மலை உச்சி வரை காடு அறுபடாமல் தொடர்கிறது.

இங்கே நடக்கும் படிப்பில் விரிவுரைக்குச் சிறு இடமே உண்டு. முதலில் ஆசிரியர் ஒரு கேள்வியைக் கொடுத்து, ஒரே நாளில் அளந்து, கணக்கிட்டு, மாலையில் எல்லோர் முன்பும் சொல்லச் செய்வார். அடுத்து மாணவர்கள் சிறு குழுவாகத் தாங்களே கேள்வியை உருவாக்குவார்கள். கடைசியில் ஒவ்வொருவரும் தனி ஆய்வு செய்வார்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், நனையாத குறிப்பேடு, அளவு நாடா ஆகியவையே கருவிகள். ஒரு நாளில் திரட்டும் தரவு பெரும்பாலும் எதையும் நிரூபிக்காது. அதை மாலையில் பிறர் முன் ஒப்புக்கொள்ள நேர்வது, வேறு எந்த வகுப்பிலும் எளிதில் கிடைக்காத பயிற்சி.

மாணவர் ஆய்வுகளில் அடிக்கடி இடம்பெறுவது இலைவெட்டி எறும்பு. இலைத்துண்டுகளைத் தலைக்கு மேல் தூக்கிச் சாரையாகச் செல்லும் இந்த எறும்புகள் அவற்றை நேரே தின்பதில்லை. நிலத்தடி அறைகளில் அவற்றை மென்று குவித்து, அதன்மேல் ஒரு பூஞ்சையை வளர்த்து, அதையே உண்கின்றன. அந்தப் பூஞ்சைத் தோட்டத்தை ஒட்டுண்ணிப் பூஞ்சை ஒன்று தாக்குவதுண்டு. எறும்பின் உடலில் வாழும் பாக்டீரியா சுரக்கும் வேதிப்பொருள் அதை அடக்குகிறது. பயிர், உரம், களை, நோய், மருந்து என வேளாண்மையின் எல்லா உறுப்புகளும் மனிதன் உழத் தொடங்குவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஒரு புற்றுக்குள் இருந்திருக்கின்றன. ஒரே பயிரைப் பரவலாக வளர்ப்பவர் நோயை எப்படிச் சமாளிக்க வேண்டும் என்ற கேள்வியோடு மாணவர் அடுத்த வாரம் வாழைத் தோட்டத்துக்குப் போகும்போது, புற்றில் பார்த்தது நினைவுக்கு வருகிறது.

சதுப்பில் தொளி உழவு

அதே அமைப்பின் பாலோ வெர்தே நிலையம் குவானகாஸ்தேயில், தெம்பீஸ்கே ஆற்றங்கரைச் சதுப்பை ஒட்டி உள்ளது. வலசை வரும் வாத்துகளும் நாரைகளும் கூடும் இந்தச் சதுப்பு 1991-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. முன்பு இது ஒரு பெரிய மாட்டுப் பண்ணை. காப்பகமாக அறிவித்து மாடுகளை வெளியேற்றிய பிறகு, எதிர்பாராத ஒன்று நடந்தது. மாடுகள் மேய்ந்தும் மிதித்தும் அடக்கி வைத்திருந்த சம்பு செழித்து வளர்ந்து திறந்த நீர்ப்பரப்பை மூடியது. பறவைகள் இறங்க இடமில்லாமல் குறைந்துபோயின. இயற்கையைத் தொடாமல் விட்டால் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்ற நம்பிக்கை இங்கே பொய்த்தது.

தீர்வு நெல்வயலிலிருந்து வந்தது. இரும்புப் பட்டைச் சக்கரம் பூட்டிய டிராக்டரை நீர் நிற்கும்போதே ஓட்டிச் சம்பை நசுக்கிச் சேற்றில் அமிழ்த்தும் முறைக்கு அங்கே 'ஃபாங்கேயோ' என்று பெயர். தமிழ் உழவர் நாற்று நடும் முன் செய்யும் தொளி உழவின் உறவுமுறை அது. தண்டு நீருக்கடியில் முறிந்தால் வேருக்குக் காற்று போகாது; சம்பு மடியும். நீர்ப்பரப்பு திறந்ததும் பறவைகள் திரும்பின. ஆனால் உழவு ஒருமுறையோடு முடிவதில்லை, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பக்கத்திலேயே அரெனால் நீர்த்தேக்கத்தின் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. அந்த வயல்களின் வடிநீர் இறங்குவதும் இந்தத் தாழ்நிலத்தில்தான். வேளாண்மை காட்டுக்குப் பகையா உறவா என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கிடையாது என்பதை இந்தச் சதுப்பைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் அரிது.

காப்பியும் நிழல் மரமும்

துரியால்பாவில் உள்ள காத்தியே நிறுவனம் வெப்பமண்டல வேளாண்மைக்கும் உயர்கல்விக்குமான மையம். 1942-இல் அமெரிக்க நாடுகளின் கூட்டு வேளாண் நிறுவனம் இங்கே தொடங்கியது. 1946 முதல் முதுகலைக் கல்வி நடக்கிறது. 1973-இல் காத்தியே தனி அமைப்பாயிற்று. லத்தீன் அமெரிக்க நாடுகளின் வேளாண், வனத்துறை அறிஞர்கள் பலர் இங்கே படித்தவர்கள்.

இதன் பெரும் செல்வம் காப்பி வகைகளின் உயிர்த்தொகுப்பு. காப்பி விதை நெல், கோதுமை விதைகளைப்போல் உலர்த்திக் குளிரூட்டி வைத்தால் நீண்ட காலம் உயிர் தாங்காது. ஆகவே எத்தியோப்பியா முதலிய நாடுகளிலிருந்து திரட்டிய வகைகளை மரமாகவே நட்டு வளர்த்துக் காக்க வேண்டியிருக்கிறது. 2012-இல் மத்திய அமெரிக்கா முழுவதும் இலைத்துரு நோய் பரவியது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் கோஸ்டாரிக்கா நெருக்கடி நிலையையே அறிவித்தது. நோய் தாங்கும் வகைகளைத் தேடுவோர் இத்தகைய தொகுப்புகளுக்குத்தான் வர வேண்டும். இந்த நோய்க்கும் தமிழருக்கும் பழைய தொடர்பு உண்டு. 1869-இல் இலங்கையில் அறியப்பட்ட இதே துரு, தமிழ்நாட்டிலிருந்து போன கூலித் தொழிலாளரின் உழைப்பில் வளர்ந்த காப்பித் தோட்டங்களை அடுத்தடுத்த ஆண்டுகளில் அழித்தது. அதன் பிறகே இலங்கை தேயிலைக்கு மாறியது. 1880-இல் அதை ஆராய இலங்கைக்கு அனுப்பப்பட்ட ஆங்கிலேயத் தாவரவியலர் ஹாரி மார்ஷல் வார்டு, அப்போதுதான் படிப்பை முடித்திருந்த இளைஞர்.

துரியால்பாவில் காப்பிக்கு நிழலாக நிற்பது 'போரோ' மரம். தமிழ்நாட்டுக் கல்யாண முருங்கையின் பேரினத்தைச் சேர்ந்தது. வேர் முடிச்சுகளில் காற்றின் தழைச்சத்தைச் சேர்க்கும். ஆண்டுக்கு ஓரிரு முறை கிளையைக் கழித்துக் காப்பிச் செடியடியில் போட்டால் எருவாகும். நிழல் அதிகமானால் விளைச்சல் குறையும். நிழலே இல்லாவிட்டால் செடி வெயிலில் களைத்து, இரசாயன உரத்தை எதிர்பார்த்து நிற்கும். எவ்வளவு நிழல் என்பதை மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் அளந்து வருகிறார்கள். தமிழ் ஊர்களின் வேலியில் நிற்கும் கிளிரிசிடியாவும் மத்திய அமெரிக்கா தந்ததுதான். யாழ்ப்பாணத்தார் அதைச் சீமைக்கிளுவை என்பார்கள். பிறந்த ஊரிலும் அது உயிர்வேலியாகவே நிற்கிறது.

எர்த் பல்கலைக்கழகம்

நான்கு ஆண்டுக் கல்விக்குச் சிறந்த எடுத்துக்காட்டு லிமோன் மாகாணத்துக் குவாசிமோவில் உள்ள எர்த் பல்கலைக்கழகம். 1986-இல் சட்டத்தால் உருவாகி, 1990-இல் வகுப்புகளைத் தொடங்கியது. அமெரிக்க அரசின் உதவி நிறுவனமும் கெல்லாக் அறக்கட்டளையும் நிதி தந்தன. சுமார் 400 மாணவர்கள், 40-க்கும் மேற்பட்ட நாடுகள். லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வருவோரே பெரும்பான்மை. அவர்களில் பலர் கிராமத்து எளிய வீட்டுப் பிள்ளைகள், உதவித்தொகையில் படிப்பவர்கள்.

வயல்வேலை இங்கே பாடத்திட்டத்தின் உடலிலேயே இருக்கிறது. காலையில் மண்வெட்டியோடு நிற்கும் மாணவர், பிற்பகலில் அந்த மண்ணின் வேதியியலைப் படிக்கிறார். மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரு சிறுதொழிலைத் திட்டமிட்டு, பல்கலைக்கழகத்திடமே கடன் வாங்கி, பயிரிட்டோ கால்நடை வளர்த்தோ பண்டம் செய்தோ விற்று, கடனை அடைத்துக் கணக்கை முடிக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் வேறொரு நிறுவனத்திலோ நாட்டிலோ 15 வாரப் பயிற்சி. பல்கலைக்கழகத்துக்கு ஒரு வணிக வாழைத் தோட்டமும் உண்டு. வாழைத்தாரை மூடும் நீலப் பிளாஸ்டிக் பையைச் சேகரித்து மறுசுழற்சி செய்வதும் தார்க்காம்பிலிருந்து காகிதம் செய்வதும் அங்கே முயன்று பார்க்கப்பட்டவை. தோற்ற பயிருக்குக் கடன்காரராக நின்று பார்த்தவர், பின்னாளில் உழவருக்கு அறிவுரை சொல்லும்போது நிதானமாகவே பேசுவார். இந்தக் களக்கல்வி வகைகளில் இதுவே மேலானது என்று துணிந்து சொல்லலாம்.

வாழையும் அன்னாசியும் சொல்லும் பாடம்

அழகிய காடுகளை மட்டும் காட்டும் படிப்பு அரைகுறை. கோஸ்டாரிக்கா பதப்படுத்தாத அன்னாசிப் பழ ஏற்றுமதியில் உலகின் முதல் நாடு. வாழை ஏற்றுமதியிலும் முன்வரிசையில் உள்ளது. லா செல்வாவைச் சுற்றியுள்ள சரபிக்கீ சமவெளியிலேயே இரண்டும் ஒற்றைப் பயிராக விரிந்து கிடக்கின்றன. வாழையில் கருஞ்சிகடோகா இலைப்புள்ளி நோய்க்கு விமானத்திலிருந்து மருந்து தெளிக்கிறார்கள். 1970-களில் நூற்புழுவைக் கொல்லப் பயன்படுத்திய டி.பி.சி.பி. என்னும் மருந்து ஆயிரக்கணக்கான வாழைத் தோட்டத் தொழிலாளரை மலடாக்கியது. நல்ல படிப்பு மாணவரைத் தேசியப் பூங்காவுக்கும் அழைத்துச் செல்லும், இந்தத் தோட்டத்துக்கும் அழைத்துச் செல்லும், தொழிலாளர் சங்கத்தாரையும் பேச அழைக்கும்.

காத்த காட்டிலும் பாடம் உண்டு. ஒரு மாணவரின் வருகை நிலத்தின் விதியையே மாற்றியதற்கு மலையூரான மொந்தேவெர்தே சான்று. அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து வந்த, குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் 1951-இல் அங்கே குடியேறின. கோஸ்டாரிக்கா 1948-இல் இராணுவத்தைக் கலைத்த நாடு என்பதே போரை மறுத்த அவர்களை ஈர்த்தது. பால்மாடு வளர்த்துப் பாலாடைக்கட்டி செய்தார்கள். நீரூற்றுக்காக மலைமேல் காட்டின் ஒரு பகுதியை வெட்டாமல் வைத்தார்கள். பறவைகளை ஆராய வந்த ஆய்வு மாணவர் ஜார்ஜ் பவல், சுற்றியுள்ள காடும் வேகமாக அழிவதைக் கண்டு, உள்ளூர்க்காரர் வில்ஃபோர்ட் கிண்டனோடு சேர்ந்து 1972-இல் மேகக்காட்டுக் காப்பகத்தை உருவாக்கினார். அந்தக் காட்டுக்கே உரிய பொன்தேரை 1989-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. எல்லை வகுத்துக் காத்த காட்டிலும் இழப்பு நேரும் என்பதை மாணவர்கள் அங்கே கற்கிறார்கள்.

நடைமுறையும் வரம்புகளும்

ஆய்வுக்கு அரசின் அனுமதி வேண்டும். 1998-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்துக்குப் பிறகு, ஒரு பூச்சியையோ இலையையோ எடுத்துச் செல்வதற்கும் விதிகள் உண்டு. தெர்சியோபேலோ என்னும் குழிவிரியன் பாம்பைப் பற்றிய எச்சரிக்கையோடுதான் பெரும்பாலான நிலையங்களில் முதல் வகுப்பு தொடங்குகிறது. அதற்கான நஞ்சுமுறிவு மருந்தை 1970-இல் தொடங்கிய குளோதோமீரோ பிகாதோ நிறுவனம் உள்நாட்டிலேயே தயாரிக்கிறது.

குறுகிய காலப் படிப்புகள் மீது நியாயமான குறை ஒன்று உண்டு. இரண்டு வாரத்தில் ஐந்து காடுகளைப் பார்ப்பவர் சுற்றுலாப் பயணியாகவே திரும்புகிறார். ஸ்பானிய மொழி தெரியாதவருக்கு உழவரின் பேச்சு மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் கிடைக்கிறது. வெளிநாட்டார் எழுதும் ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கில இதழ்களில் வெளிவருவதால், அளவெடுக்க உதவிய ஊர்க்காரர்களுக்கு அவை எட்டுவதில்லை. உள்ளூர்க் குடும்பத்தோடு தங்குதல், முடிவுகளை ஊர்ப் பள்ளியில் ஸ்பானிய மொழியில் சொல்லுதல், கோஸ்டாரிக்க மாணவரோடு இணைந்து ஆய்வு செய்தல் ஆகியவற்றைக் கட்டாயமாக்கும் படிப்புகளே தேர்ந்துகொள்ளத் தக்கவை. வெப்பமண்டல ஆய்வுகளுக்கான அமைப்பு லத்தீன் அமெரிக்க மாணவருக்காக ஸ்பானிய மொழியிலேயே தனிச் சூழலியல் படிப்பையும் நடத்துகிறது.