அரபிக்கடலின் அடியில் ஒரு சாட்சி

கிரீன்லாந்தின் பனிவெளியில் 1930 நவம்பரில் ஆல்ஃபிரட் வெகனர் உயிர்விட்டதோடு சென்ற வாரப் பகுதி நின்றது. கண்டங்கள் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து பிரிந்தவை என்ற அவருடைய கொள்கையை ஏந்திப் பிடிக்க அதன்பிறகு அதிகம் பேர் இல்லை. அவர் அடுக்கிய சான்றுகள் லேசானவை அல்ல. ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒன்றோடொன்று பொருந்தும் கரைகள், இரண்டு பக்கமும் கிடைத்த ஒரே வகைப் புதைபடிவங்கள், வெயில் கொளுத்தும் ஒடிசாவின் தால்சேர் பகுதியில் பனியாறு உருட்டிப்போட்ட கற்கள் என்று பட்டியல் நீண்டது. ஆனால், இவ்வளவு பெரிய நிலத்தை எது நகர்த்துகிறது என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன விடை எடுபடவில்லை. பூமியின் சுழற்சியையும் நிலவின் ஈர்ப்பையும் அவர் காட்டினார். அந்த விசைகளுக்கு அத்தனை பலம் கிடையாது என்று இயற்பியலாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள்.

வெகனரின் சான்றுகள் எல்லாமே தரையில் கிடைத்தவை. பூமிப் பரப்பில் பத்தில் ஏழு பங்கு கடலுக்கு அடியில் கிடக்கிறது. அந்தத் தரை எப்படி இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது சொற்பம். வழக்கைத் தீர்த்துவைத்த சாட்சி அங்கேதான் இருந்தது. அதில் ஒரு முக்கியமான பகுதி கன்னியாகுமரிக்கு மேற்கே, மாலத்தீவுகளையும் தாண்டி, அரபிக்கடலின் ஆழத்தில் இருந்தது.

டேனாவும் மபாஹிஸும்

ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கித்தான் அந்தக் காலத்தில் கடலின் ஆழம் பார்த்தார்கள். நடுக்கடலில் ஓரிடத்தின் ஆழத்தை அறியவே மணிக்கணக்கில் ஆகும். முதல் உலகப் போருக்குப் பிறகு எதிரொலிமானி வந்தது. கப்பலிலிருந்து அனுப்பும் ஒலி கடல் தரையில் பட்டுத் திரும்ப எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்தால் ஆழம் தெரிந்துவிடும். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும்.

டென்மார்க்கின் ஆய்வுக்கப்பல் ‘டேனா’ 1928 முதல் 1930 வரை உலகைச் சுற்றி வந்தது. தலைமை ஏற்றவர் யொஹானஸ் ஷ்மிட். ஐரோப்பிய விலாங்கு மீன்கள் முட்டையிடுவது சர்காசோ கடலில்தான் என்று கண்டுபிடித்துப் புகழ்பெற்றவர். அரபிக்கடலைக் கடக்கும்போது அவருடைய கருவி, ஆழத்தில் ஒரு மலைத்தொடர் இருப்பதைக் காட்டியது. பயணத்துக்குப் பணம் கொடுத்தது கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் பெயரால் இயங்கிய அறக்கட்டளை. ஆகவே, அந்த மலைத்தொடருக்கு கார்ல்ஸ்பெர்க் என்றே பெயர் விழுந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1933 செப்டம்பரில், அலெக்சாந்திரியா துறைமுகத்திலிருந்து ‘மபாஹிஸ்’ என்ற எகிப்தியக் கப்பல் புறப்பட்டது. பிரிட்டிஷ் ஆய்வாளர்களும் எகிப்திய ஆய்வாளர்களும் சேர்ந்து போன பயணம் அது. தலைவர் சீமோர் சீவெல், கொல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். இந்தக் குழு கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரைக் குறுக்காகக் கடந்து ஆழம் பார்த்தது. கடல் தரையை வாரும் இரும்புக்கூடையை இறக்கிக் கற்களையும் அள்ளியது. வந்தவை கரிய பசால்ட் கற்கள், எரிமலைக் குழம்பு இறுகிப் பிறந்தவை. மலைத்தொடரில் ஒரு நீண்ட பள்ளமும் தென்பட்டது. சீவெலும் பாறை ஆய்வாளர் வைஸ்மனும் 1937-ல் அரபிக்கடலின் தரையைப் பற்றி எழுதியபோது, இந்த அமைப்பு கிழக்கு ஆப்பிரிக்காவின் பிளவுப் பள்ளத்தாக்கை ஒத்திருக்கிறது என்று குறிப்பிட்டார்கள்.

அந்த வரியின் கனத்தை உலகம் உணர இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின.

கப்பலில் ஏற முடியாத பெண்

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1948-ல் வேலைக்குச் சேர்ந்தார் மேரி தார்ப். புவியியல், கணிதம் இரண்டிலும் பட்டம் பெற்றவர். அப்பா அமெரிக்க வேளாண் துறைக்காக ஊர் ஊராக மண் ஆய்வு செய்து வரைபடம் போட்டவர். மகளுக்கும் அந்தக் கை வந்தது. ஆனால், ஆய்வுக்கப்பலில் பெண்கள் ஏறக்கூடாது என்பது அன்றைய வழக்கம். எனவே, சக ஆய்வாளர் புரூஸ் ஹீசனும் மற்றவர்களும் கடலுக்குப் போய் ஆழக் கணக்குகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றை வைத்து மேசையில் உட்கார்ந்து கடல் தரையை வரைந்தார் மேரி.

வட அட்லாண்டிக்கின் ஆறு குறுக்குவெட்டுக் கோடுகளை 1952-ல் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியபோது அவர் ஒன்றைக் கவனித்தார். நடுக்கடல் மலைத்தொடரின் உச்சியில், ஆறிலும் ஏறத்தாழ அதே இடத்தில், ஒரு பள்ளம். கடல் தரை அங்கே விரிந்து பிளக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். ஹீசன் இதைப் ‘பெண்பிள்ளைப் பேச்சு’ என்று ஒதுக்கினார். கண்டங்கள் நகர்வதாகப் பேசுவதே அன்றைக்கு அமெரிக்கப் புவியியல் வட்டாரத்தில் மதிப்பைக் கெடுக்கும் காரியம்.

அதே அறையில் ஹோவர்ட் ஃபாஸ்டர் என்பவர், கடலடிக் கம்பிகளை எங்கே பதிப்பது என்று முடிவு செய்வதற்காக, நிலநடுக்கம் பிறந்த இடங்களைக் குறித்துக்கொண்டிருந்தார். இரண்டு வரைபடங்களும் ஒரே அளவில் இருந்தன. விளக்கு மேசையில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, ஃபாஸ்டரின் புள்ளிகள் மேரியின் பள்ளத்துக்குள் வரிசையாக விழுந்தன. ஹீசன் மனம் மாறினார். நிலநடுக்கப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டே போனால் ஆழம் பார்க்காத கடல்களிலும் மலைத்தொடரின் போக்கைக் கண்டுகொள்ளலாம் என்று இருவருக்கும் புரிந்தது. அட்லாண்டிக்கிலிருந்து தெற்கே இறங்கி, ஆப்பிரிக்காவைச் சுற்றி, இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்து, கார்ல்ஸ்பெர்க் வழியாக ஏடன் வளைகுடாவரை அது தொடர்ந்தது. உலகம் முழுவதும் சேர்த்தால் சுமார் 65,000 கிலோமீட்டர். பூமியின் மிக நீளமான மலைத்தொடர் கடலுக்குள் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. சீவெல் கண்ட ஒற்றுமைக்கும் காரணம் கிடைத்தது. கடலடிப் பிளவு ஏடன் வளைகுடா வழியே உள்ளே போய், ஆப்பிரிக்கப் பிளவோடு கைகோத்திருந்தது.

இந்தக் கண்டுபிடிப்பை 1956-ல் அறிவித்த கட்டுரையில் மேரி தார்ப்பின் பெயர் இல்லை. அதில் ஹீசனும் ஆய்வகத் தலைவர் மாரிஸ் யூவிங்கும் மட்டும்தான் இருந்தார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த வரைபடக் கலைஞர்கள் நால்வரில் ஒருவராக மேரியை அறிவித்தது 1997-ல். அப்போது அவருக்கு வயது 77.

பிறந்துகொண்டே இருக்கும் தரை

பிளவு இருப்பது தெரிந்தது. அங்கே நடப்பது என்ன? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாரி ஹெஸ் அதற்கு விடை சொன்னார். இரண்டாம் உலகப் போரில் பசிபிக்கில் போர்க்கப்பலை நடத்திய தளபதி அவர். படைகளை ஏற்றி இறக்கும் ஓட்டத்துக்கு நடுவிலும் எதிரொலிமானியை அணைக்காமல் ஓடவிட்டவர். உச்சி தட்டையான கடலடி மலைகள் பலவற்றை அப்படித்தான் கண்டார்.

ஹெஸ்ஸின் விளக்கம் 1962-ல் அச்சில் வந்தது. பூமியின் மேலோட்டுக்குக் கீழே, மூடகத்திலிருந்து சூடான பொருள் பிளவு வழியாக மேலே வருகிறது. குளிர்ந்து இறுகிப் புதிய கடல் தரையாகிறது. அடுத்து வருவது அதை இரண்டு பக்கமும் தள்ளி வைக்கிறது. கண்டங்கள் கடல் தரையை உழுதுகொண்டு போகவில்லை, தரையோடு சேர்ந்து பயணம் செய்கின்றன. வெகனரை மடக்கிய கேள்விக்கு இப்படி ஒரு வழி திறந்தது. வேறொரு புதிரும் விடுபட்டது. பல நூறு கோடி ஆண்டுகள் வயதான கடல் என்றால் தரையில் கிலோமீட்டர் கணக்கில் வண்டல் படிந்திருக்க வேண்டுமே, ஏன் இவ்வளவு மெல்லிசாக இருக்கிறது? தரையே இளசு, அதனால்தான்.

ஆனால், ஹெஸ்ஸிடம் நேரடிச் சான்று கிடையாது. தன் கட்டுரையைப் ‘புவிக் கவிதை’ என்ற ரகத்தில் சேர்க்கலாம் என்று அவரே முன்னுரையில் எழுதினார்.

சான்று காந்தத்தில் இருந்தது. எரிமலைக் குழம்பில் இரும்புத் தாதுத் துகள்கள் உண்டு. சூடு சுமார் 580 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது, அந்த நேரத்தில் பூமியின் காந்தம் எந்தத் திசையைக் காட்டுகிறதோ அந்தத் திசையை அவை பதித்துக்கொள்ளும். பூமியின் காந்தமோ எப்போதும் ஒரே பக்கம் நிற்பதில்லை. பல தடவை வடக்கும் தெற்கும் இடம் மாறியிருக்கின்றன. பிரான்சில் பெர்னார்ட் புரூன் 1906-லும், ஜப்பானில் மோட்டோநோரி மட்டுயாமா 1929-லும் பழைய பாறைகளைச் சோதித்து இதைச் சொல்லியிருந்தார்கள். கடைசியாக மாறியது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. இன்னொரு பக்கம், 1955-ல் அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் காந்தமானியை இழுத்துச் சென்ற கப்பல், பவானி ஜமுக்காளத்தின் பட்டைகளைப் போலக் கடல் தரையில் காந்தம் கூடியும் குறைந்தும் மாறி மாறி வருவதைப் பதிவு செய்தது. ஏன் அப்படி என்று யாருக்கும் விளங்கவில்லை.

‘ஓவன்’ கொண்டுவந்த கணக்கு

அந்தச் சமயத்தில் பல நாடுகள் சேர்ந்து இந்தியப் பெருங்கடலை முழுமூச்சாக ஆராய்ந்தன. இந்தியாவும் அதில் பங்கெடுத்தது. கோவாவில் உள்ள, 1966-ல் பிறந்த தேசியக் கடலியல் நிறுவனம் அந்தப் பெருமுயற்சியின் விளைவுதான். அந்த ஆய்வின் ஒரு பகுதியாக, 1962-ன் இறுதியில், பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் ‘ஓவன்’ அரபிக்கடலுக்கு வந்தது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் டிரம்மண்ட் மேத்யூஸ், கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரின் ஒரு சிறு பகுதியைத் தேர்ந்து, அதன்மேல் காந்தமானியை முன்னும் பின்னுமாக இழுத்துச் சென்று அளந்தார்.

அந்தக் கணக்குகள் அவருடைய மாணவர் ஃபிரெட் வைனின் கைக்கு வந்தன. வைனுக்கு அப்போது 23 வயது. ஹெஸ் கேம்பிரிட்ஜுக்கு வந்து பேசியதை நேரில் கேட்டிருந்தவர். கார்ல்ஸ்பெர்க்கில் இருந்த இரண்டு கடலடி மலைகளை எடுத்துக்கொண்டு, பல்கலைக்கழகக் கணினியில் அவற்றின் காந்தத் திசையைக் கணக்கிட்டார். ஒன்று இன்றைய திசையைக் காட்டியது. மற்றொன்று நேர் எதிர்த்திசையைக் காட்டியது. அதாவது, இரண்டும் பிறந்தது பூமியின் வெவ்வேறு காந்தக் காலங்களில். கடல் தரை பிளவில் பிறந்து இருபக்கமும் விலகுகிறது, இடையிடையே பூமியின் காந்தம் திசை மாறுகிறது. இவ்விரண்டும் சேர்ந்தால் பட்டை பட்டையாகத்தானே பதியும்? வைனும் மேத்யூஸும் 1963 செப்டம்பர் 7 ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார்கள். கட்டுரை மூன்று பக்கத்துக்குள் அடங்கிவிட்டது.

கனடாவில் லாரன்ஸ் மோர்லி என்பவரும் இதே முடிவுக்குத் தனியாகவே வந்திருந்தார். அதே ஆண்டின் தொடக்கத்தில் அவர் அனுப்பிய கட்டுரையை ‘நேச்சர்’ திருப்பி அனுப்பியது. அமெரிக்க இதழ் ஒன்றும் மறுத்தது. விருந்தில் பேசிக்கொள்ள ஏற்ற சங்கதி என்று அதை மதிப்பிட்டவர் எழுதியிருந்தார். இன்று நியாயமறிந்த புவியியலாளர்கள் இந்தக் கருத்தை வைன், மேத்யூஸ், மோர்லி என்று மூவர் பெயராலும் சொல்கிறார்கள்.

வைனின் கட்டுரையையும் உடனே யாரும் கொண்டாடவில்லை. தென் பசிபிக்கில் ‘எல்டானின்’ என்ற அமெரிக்கக் கப்பல் 1965-ல் எடுத்த பதிவுதான் தயங்கியவர்களை மாற்றியது. நடு மலைத்தொடரின் ஒரு பக்கத்தில் பட்டைகள் எந்த வரிசையில், எந்த அகலத்தில் இருந்தனவோ, அதே வரிசையில் அதே அகலத்தில் மறுபக்கமும் இருந்தன. அந்தத் தாளைப் பார்த்த பிறகு மறுக்க வழியில்லை. பூமியின் மேற்பகுதி நகரும் தட்டுகளால் ஆனது என்னும் புவித்தட்டுக் கொள்கை அடுத்த மூன்றே ஆண்டுகளில் முழு வடிவம் பெற்றது. ‘குளோமர் சேலஞ்சர்’ கப்பல் தெற்கு அட்லாண்டிக்கில் துளையிட்டபோது, மலைத்தொடரிலிருந்து விலக விலகத் தரையின் வயது கூடிக்கொண்டே போனது.

பரங்கிமலையும் செஷல்ஸும்

கார்ல்ஸ்பெர்க்கின் பட்டைகள் இந்தியாவின் பயணத்தையே எழுதி வைத்திருந்தன. டான் மெக்கென்சியும் ஜான் ஸ்கிளேட்டரும் 1971-ல் அவற்றைப் படித்து, இந்தியப் பெருங்கடல் பிறந்த கதையைத் திரும்பக் கட்டினார்கள். சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு, தக்காணத்தில் எரிமலைக் குழம்பு வழிந்தோடிய காலத்தை ஒட்டி, இந்தியாவின் மேற்கு ஓரத்திலிருந்து ஒரு துண்டு பிரிந்தது. அதுதான் இன்றைய செஷல்ஸ். நடுக்கடல் தீவுகள் பெரும்பாலும் எரிமலையும் பவளமும்தான். செஷல்ஸின் மாஹே தீவிலோ சுமார் 75 கோடி ஆண்டு வயதுள்ள கிரானைட் குன்றுகள் நிற்கின்றன. ராஜஸ்தானின் மலானி பாறைகளுக்கும் ஏறக்குறைய அதே வயது. பிரிந்த இடத்தில் திறந்த பிளவுதான் கார்ல்ஸ்பெர்க். அந்தக் காலத்தில் இந்தியா ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேலான வேகத்தில் வடக்கே விரைந்தது. சுமார் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்பு ஆசியாவில் மோதிய பிறகு அந்த வேகம் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறைந்தது.

சென்னை பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிடைக்கும் சார்னோகைட் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். ஆனால், உலகின் பெருங்கடல்களில் எங்கே துளையிட்டாலும் இருபது கோடி ஆண்டுகளுக்கு மேல் பழைய தரை கிடைப்பது அரிது. கண்டத்தின் ஓடு சராசரியாக 35 முதல் 40 கிலோமீட்டர் தடிமன், கனம் குறைந்தது. அதனால் அமிழாமல் மிதந்து நின்று முதுமையடைகிறது. கடலின் ஓடு சுமார் 7 கிலோமீட்டர்தான், ஆனால் அடர்த்தி மிக்கது. வயதாக ஆகக் குளிர்ந்து இன்னும் கனக்கிறது.

அப்படியானால் பழைய கடல் தரை எல்லாம் எங்கே? புதிது பிறந்துகொண்டே இருந்தால் பூமி பருக்க வேண்டும். ஹீசனே சில காலம் அப்படித்தான் நம்பினார். பூமி பருக்கவில்லை. பழைய தரை போய் மறையும் ஆழ்கடல் அகழிகளில் ஒன்று, வங்கக்கடலின் கிழக்கு எல்லையில், அந்தமானிலிருந்து சுமத்ராவை ஒட்டி ஓடுகிறது. அதன் ஓரத்தில் 2004 டிசம்பர் 26 காலையில் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குத் தட்டு நழுவியது. கிளம்பிய அலை இரண்டரை மணி நேரத்துக்குள் நாகப்பட்டினத்தை அடைந்தது. அந்த அகழியின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)