ஹேஸ்டிங்சில் சிறைப்பட்ட இராணி

சதுரங்கம் இந்தியாவிலே பிறந்து, பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவை அடைந்தது என்பதை நேயர்கள் அறிவீர்கள். சென்ற இடத்தில் அதன் விதிகள் மாறின. முதல் நகர்விலே காலாள் இரண்டு கட்டம் செல்லலாம் என்று ஐரோப்பியர் வகுத்தனர். இந்தியக் கிராமங்களிலோ காலாள் பழையபடி ஒரு கட்டமே நடந்தது. ஆதலின் அங்கே ஆட்டம் மெல்லவே சூடேறும்.

அவ்வாட்டத்தைத் தந்தையாரிடம் பயின்றவர் பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான். சேர் உமர் ஹயாத் கான் என்னும் நிலப்பிரபுவின் ஆதரவில் வாழ்ந்த அவர், 1926 அளவிலேதான் ஐரோப்பிய விதிகளைக் கற்றார். 1929இல் அப்பிரபுவுடன் இலண்டன் சென்று, அவ்வாண்டே பிரித்தானியச் சாம்பியன் பட்டத்தை வென்றார்.

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஹேஸ்டிங்சில் 1930-31 கிறிஸ்மஸ் காலப் போட்டி நடைபெற்றது. அதில் அவரை எதிர்த்து ஆடியவர்களுள் ஒருவர் கியூபா நாட்டுக் கபபிளாங்கா. 1921 முதல் 1927 வரை உலகச் சாம்பியன். 1916 முதல் 1924 வரை ஓர் ஆட்டத்திலேனும் தோல்வி காணாதவர்.

வெள்ளைக் காய்கள் சுல்தான் கானுடையவை. இருபதாம் நகர்வை அடுத்து, கபபிளாங்கா தம் இரு கோட்டைகளையும் எதிரியின் அரசனருகே செலுத்தி, அவற்றை விலையாகக் கொடுத்து இராணியைக் கைப்பற்றினார். பார்ப்பவர்க்கு அது பெரும்பேறாகவே தோன்றும். ஆனால் இராணியின் வலிமை அவள் பாய்ச்சலிலே உள்ளது. பாய்வதற்கு வெளி வேண்டும். பலகையின் நடுவிலே இருதரப்புக் காலாட்களும் முட்டி நின்று வழியை அடைத்துவிட்டன. புகுவதற்கு வாயிலின்றி இராணி அலைய, சுல்தான் கான் தம் கோட்டைகளை ஒன்றுசேர்த்து, அவசரமின்றி நெருக்கினார். நாற்பது நகர்வுகள் இவ்வாறே கழிந்தன. அறுபத்தைந்தாம் நகர்வோடு கபபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார். ஒரு கட்டமே நடக்கும் காலாளோடு வளர்ந்தவருக்கே அத்தகைய பொறுமை கைகூடும் என்பது என் துணிபு.

1932இலும் 1933இலும் பிரித்தானியப் பட்டம் மீண்டும் அவருக்கே கிடைத்தது. 1933 இறுதியிலே பிரபு தாயகம் திரும்பினார். சுல்தான் கானும் உடன் திரும்பினார். ஐரோப்பிய அரங்கிலே அவர் மறுபடி ஆடவில்லை. எழுத்தறியாப் பணியாளர் என்று அவரைக் குறித்துச் சில நூல்கள் எழுதின. அவர் வழியினர் அதனை மறுக்கின்றனர். எவ்வாறாயினும், புறப்படுவதும் திரும்புவதும் அவர் விருப்பப்படி நடந்தனவாகத் தெரியவில்லை.

1950இல் உலகச் சதுரங்கச் சம்மேளனம் முதன்முதலாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை வழங்கியபோது அவர் உயிரோடிருந்தார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. 1966இல் பாகிஸ்தானின் சர்கோதாவில் காலமானார். கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் 2024இல் வந்தது.