காலிமுகத்திடல் யாருக்கு?

மாலை வேளையிலே காலிமுகத்திடலைக் கண்டவர் அதனை எளிதில் மறவார். பட்டம் விடும் சிறுவர், இறால் வடை வாங்கி உண்ணும் குடும்பத்தினர், ஒரே குடையின் கீழ்க் கடலை நோக்கி அமர்ந்திருக்கும் காதலர் - எல்லோருக்கும் அங்கே இடமுண்டு. கல்விச் சுற்றுலாவிலே மாணவரை அழைத்துச் செல்லும் நாமும் அவ்விடத்தில் சிறிது நேரம் இறங்கத் தவறுவதில்லை. காசு கொடாமல் இன்பந் துய்க்கக் கொழும்பிலே வேறெத்தனை இடங்கள் உள்ளன? எனினும், இப்புற்றரை நமக்கென உண்டாக்கப்பட்டதன்று.

ஒல்லாந்தர் அந்நிலத்தை வெளியாக வைத்திருந்தது, கோட்டைப் பீரங்கிகள் தடையின்றிச் சுடுவதற்காகும். ஆங்கிலேயர் அங்கே குதிரைப் பந்தயம் நடத்தினர். தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த கடலோர நடைபாதையின் நினைவுக்கல், கொழும்புச் சீமாட்டிகளினதும் குழந்தைகளினதும் நலன் கருதி அதனைத் தமக்குப் பின் வருவோரிடம் ஒப்படைக்கின்றது. எந்தச் சீமாட்டிகள்? துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனின் மனைவியும் அக்கணக்கிற் சேர்ந்திருந்தாள் என்று நம்மால் நம்ப முடியவில்லை.

திடலுக்கு எதிரே அன்று பாராளுமன்றம் இருந்தது. 1956 ஜூன் 5ஆம் திகதி, தனிச் சிங்களச் சட்டமூலம் அங்கே விவாதத்திற்கு வந்தபோது, செல்வநாயகம் தலைமையில் தமிழர் இப்புற்றரையில் அமைதியாக அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தனர். காடையர் கூட்டம் அவர்களை அடித்து நொறுக்கியது. பொலிசார் பார்த்து நின்றனர். அமிர்தலிங்கம் தலையிற் காயத்துடன் சபைக்குட் சென்றார். எல்லோரும் காற்று வாங்கும் வெளியிலே ஒரு சாரார் உட்காரவும் உரிமையற்றவராயினர். அச்சட்டத்தைக் கொண்டுவந்த பண்டாரநாயக்காவுக்குச் சோவியத் நாடு அன்பளித்த சிலை பின்னாளில் அத்திடலருகே எழுந்தது.

2022 ஏப்ரல் 9ஆம் திகதி, எரிபொருளும் உணவும் மருந்துமின்றித் தவித்த மக்கள் அங்கே கூடாரமிட்டனர். நூல்நிலையம் ஒன்றும் அமைந்தது. அப்பண்டாரநாயக்கா சிலையின் கண்களைக் கறுப்புத் துணியாற் கட்டினர் சிலர். மே 18ஆம் திகதி அங்கேயே முள்ளிவாய்க்காலில் இறந்தோர் நினைவுகூரப்பட்டனர்; கஞ்சி வழங்கப்பட்டது. சிங்களவரும் அதனை வாங்கி அருந்தினர். ஒரு கோப்பைக் கஞ்சி 1956இன் கணக்கைத் தீர்த்துவிட்டதெனக் கூறுவோமல்லோம். ஆயினும் அடிபட்ட அதே புல்லில் அது நிகழ்ந்ததைச் சிறிதென்று ஒதுக்கவும் மனம் வரவில்லை. ஜூலை 22ஆம் திகதி விடியுமுன் இராணுவம் வந்து கூடாரங்களைப் பிய்த்தெறிந்தது.

சத்தியாக்கிரகிகள் அமர்ந்த இடம் எதுவென மாணவி ஒருத்தி நம்மைக் கேட்டாள். பழைய பாராளுமன்றக் கட்டடத்தைக் காட்டி, அதற்கு எதிர்ப்புறம் என்றோம். அங்கே இரண்டு சிறுவர் பட்டத்து நூலிற் சிக்கெடுத்துக் கொண்டிருந்தனர்.