வண்டியோடு விலைபோகும் வரலாறு

முல்லைத்தீவிலிருந்து அளம்பில் வழியாகத் தெற்கே கொக்கிளாய் நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில் உள்ளது நாயாறு. ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் களப்பு. இரும்பைத் தின்னும் உவர்க்காற்று வீசும் ஊர் அது. இத்தகைய கரையோரத்தில், எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய அமெரிக்க மோட்டார் வண்டி ஒன்று, முதற் பூச்சும் முதல் இருக்கையும் மாறாமல் விற்பனைக்கு வருமானால், அதனை அதிசயம் என்றே கொள்ளல் வேண்டும்.

காற்று மட்டும் இதற்குக் காரணமன்று. 1984 டிசம்பரில் கொக்கிளாய், நாயாறு முதலிய ஊர்களின் மக்கள் தம் மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அக்கரையைத் தாக்கியது. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது, முள்ளிவாய்க்கால் வெளியில் மக்கள் கைவிட்ட வாகனங்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. எனவே வன்னியில் எஞ்சிய பழைய வண்டி எதுவாயினும் அஃது அரும்பொருளே. அதனை விற்க முற்படுவோர் முதலில் ஒரு வினாவுக்கு விடை காண்பது நன்று. விற்கப்படுவது யாது? இரும்பும் தோலும் மட்டுந்தானா?

இலங்கைச் சாலைகளில் ஓடிய ‘அமெரிக்க’ வண்டிகளிற் பல கனடாவிற் செய்யப்பட்டவை. 1904இல் தோன்றிய போர்ட் நிறுவனத்தின் கனடாக் கிளையே, ஓட்டுநர் வலப்புறம் அமரும் வண்டிகளைப் பிரித்தானியப் பேரரசின் நாடுகளுக்கு அனுப்பி வந்தது. 1932இல் ஒட்டாவா மாநாடு வகுத்த சலுகைத் தீர்வை அவ்வணிகத்துக்கு மேலும் துணைசெய்தது. வண்டியிற் பொருத்திய சிறு தகடு ஒன்று இப்பிறப்பினை இன்றும் எடுத்துரைக்கும். பூச்சைச் சுரண்டும் வேகத்தில் அத்தகடு தொலைந்தால், வண்டியின் பிறப்புச் சான்றிதழே தொலைந்ததாகும்.

இலக்கத் தகட்டின் கதை இன்னும் ஆழமானது. முற்காலத்து வண்டிகளின் இலக்கங்கள் ஆங்கில எழுத்துகளோடு அமைந்திருந்தன. 1957இல் புதிய வாகனங்களின் இலக்கத்திற் சிங்கள ‘ஸ்ரீ’ புகுத்தப்பட்டது. அதனை எதிர்த்துத் தமிழ்ப் பகுதிகளிற் பெருங் கிளர்ச்சி எழுந்தது. தமிழ் எழுத்தைத் தம் வண்டிகளிற் பொறித்தோரும் உளர். ஆகவே ஒரு பழைய தகடு வண்டியின் வயதை மட்டுமன்றி, ஒரு நாட்டின் மனவேற்றுமை எப்போது தெருவுக்கு வந்தது என்பதையும் காட்டி நிற்கிறது.

பின்னர் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களில் வாகன இறக்குமதி சுருங்கிற்று. கையிலிருந்த வண்டியைப் பேணுவதே ஒரே வழியாயிற்று. 1990இல் போர் மீண்டும் மூண்ட பின், வடக்குக்குப் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் செல்வது தடைப்பட்டது. அப்போது மக்களுக்குக் கைகொடுத்தவை ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய வண்டிகளே. சிறிதளவு பெற்றோலை விட்டு இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்தம் குறைந்த பழைய இயந்திரங்கள் அதனை ஒருவாறு தாங்கின. அந்நாளில் மாற்றியமைத்த ஒரு குழாயோ, உள்ளூர்ப் பட்டறையிற் கடைந்த ஓர் உறுப்போ குறையன்று. நெருக்கடியை வென்ற மக்களின் கைத்திறனுக்குச் சான்று.

பழைய வாகனங்களுக்கான சர்வதேசச் சம்மேளனம் 2012இல் வகுத்த தூரின் சாசனமும் இந்நோக்கோடு ஒத்துப்போகிறது. பேணிக் காத்தல் வேறு, பழுதுநீக்கிப் புதிதாக்கல் வேறு என்பது அதன் அடிப்படை. மங்கிய பூச்சை உரித்துப் புதுப் பூச்சிடப் பல பட்டறைகள் உள்ளன. உரித்துப்போன பழைய பூச்சைத் திரும்பத் தரும் பட்டறை உலகில் எங்கும் இல்லை.

ஆதலின் நன்கு பேணிய வண்டியை விற்பவர், விற்குமுன் அதற்கு ஒப்பனை செய்யவேண்டியதில்லை. பதிவுப் புத்தகத்தையும் பழைய பற்றுச்சீட்டுகளையும் வண்டியோடு ஒப்படைக்கவேண்டும். கழற்றி வைத்த உறுப்புகளையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். எது மாற்றப்பட்டது, எப்போது, ஏன் என்பதை மறையாது எழுதித் தரவேண்டும். துருவேறிய இடத்தையும் காட்டிவிடுதல் நேர்மை. வாங்குபவர் கொழும்பிலிருந்து வந்தாலென்ன, கடல் கடந்து வந்தாலென்ன, அந்த ஏட்டைப் படித்தால் தாம் வாங்குவது யாதென உணர்வார். வண்டி வன்னியைவிட்டுப் போகலாம். அது வன்னியில் வாழ்ந்த கதை அதனோடு கூடவே போகவேண்டும்.