பல்லின் மேல் போட்ட பழி

1839-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்சிலும் நேர்ந்த 5,016 இறப்புகளுக்கு அரசின் பதிவேடு காட்டிய காரணம் என்ன தெரியுமா? கொள்ளை நோயன்று, பட்டினியுமன்று. பல் முளைத்தல்! பால் மணம் மாறா வாயில் பல் அரும்புவது இயற்கை. அந்த இயற்கையையே கொலைகாரனாக்கி ஏட்டில் எழுதி வைத்தனர், எழுத்தறிந்தோர்.

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறதா? பல். மலம் கட்டிக்கொண்டதா? பல். வலிப்பா? அதுவும் பல்! எங்கிருந்து வந்தது இந்த எண்ணம்? பண்டைக் கிரேக்கத்து மருத்துவர் இப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் ஏடு, பல் முளைக்கும் பருவத்தில் காய்ச்சலும் வலிப்பும் தோன்றும், மலச்சிக்கலுள்ள பிள்ளைகளிடம் அது மிகுதி என்று உரைத்தது. பேரரசுகள் சாய்ந்தன, அந்த வாக்கு மட்டும் சாயவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் ஜான் ஹண்டர் போன்ற பேரறிஞரே ஈறைக் கீறிப் பல்லுக்கு வழிவிடச் சொன்னார் என்றால், பழைமையின் பிடி எத்துணை வலிது என்று பாருங்கள்!

ஈறைக் கீறிய கத்திக்குப் பின் வந்தது தூள். சூடு தணியும், மலம் இளகும், பல் எளிதாக வரும் என்ற விளம்பரங்களோடு கடை தோறும் விற்ற அத்தூளில் இருந்தது கலோமெல், பாதரசத்தின் உப்பு. தாய்மார் அன்போடு ஊட்டினர். நஞ்சென்று அவர்களுக்கு யார் சொன்னார்?

1914-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகர மருத்துவர் ஹாரி ஸ்விஃப்ட், விந்தையான நோயொன்றை விவரித்தார். கைகால்கள் சிவந்து வீங்கும், தோல் உரியும், வெளிச்சத்துக்கு அஞ்சி முகத்தைப் புதைத்துக்கொள்ளும் குழந்தை, உண்ணாது, உறங்காது, ஓயாது அழும். இளஞ்சிவப்பு நோய் என்று அதற்குப் பெயரிட்டனர். பெயர் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை. கிருமி என்றனர் சிலர். உணவுச் சத்துக் குறைவு என்றனர் வேறு சிலர். பிள்ளைகள் மாண்டுகொண்டே இருந்தனர்.

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஜோசப் வார்க்கனியும் டொனால்ட் ஹப்பர்டும் வேறொன்று செய்தனர். நோயுற்ற குழந்தையின் சிறுநீரைச் சோதித்தனர். அதில் பாதரசம் இருந்தது! 1948-இல் தம் முடிவை வெளியிட்டனர். உடனே ஒப்பினரா? இல்லை. தூள் தின்ற பிள்ளைகளில் ஏறத்தாழ 500-க்கு ஒருவரே நோயுற்றனர். ஆகவே, 'எங்கள் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்று வாதிடுவது எளிதாயிற்று. ஆயினும் 1954-இல் பிரிட்டனில் அத்தூள்களிலிருந்து பாதரசம் நீக்கப்பட்டது. சில ஆண்டுகளில் நோயும் ஏறக்குறைய மறைந்தது. மருந்து போயிற்று, நோயும் போயிற்று! இதனினும் தெளிவான தீர்ப்பு உண்டோ?

பல் மேலிருந்த பழி நீங்கியதும், உண்மைக் காரணத்தைத் தேட வழி பிறந்தது. பல் முளைப்பதால் கடுங்காய்ச்சல் வருவதில்லை என்பதை இன்று அறிவோம். நாட்பட்ட மலச்சிக்கலில் குடல் புடைத்துச் சிறுநீர்ப்பையை நெருக்கும், சிறுநீர் முற்றும் வடியாது தேங்கும், கிருமி பெருகும், காய்ச்சல் மீண்டும் மீண்டும் வரும். 1997-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மலச்சிக்கலுற்ற 234 சிறுவர்களில் 11 விழுக்காட்டினருக்குச் சிறுநீர்த் தொற்று இருந்தது. சிறுநீர்ப் பாதையின் அமைப்பில் குறையில்லாத பிள்ளைகளுக்கு, மலச்சிக்கலைத் தீர்த்ததும் தொற்று திரும்பவில்லை. பழைய ஏடு ஒன்றாகக் கண்ட இரு தொல்லைகளுக்கும் தொடர்பு இருக்கவே செய்தது. ஆனால் அது பல்லில் இல்லை.

நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது? பல் காய்ச்சல், மாந்தம், கண்ணேறு என்று ஏதேனும் ஒரு பெயரைச் சூட்டிவிட்டு, பேதிக்குக் கொடுத்தோ மந்திரித்தோ நாளைக் கடத்துகிறோம். பெயர் சூட்டுவது காரணம் காண்பதாகாது, தோழர்களே! காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் நிரம்பாத பச்சிளங் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு நாழிகையும் தாழ்த்தாதீர்கள். 'ஏன்?' என்று கேட்பது பெரியோரை அவமதிப்பதன்று. பேசத் தெரியாத பிள்ளைக்காக நாம் பேசுவதாகும்.