விளம்பரப் பலகையில் இடம் உண்டு... கடைக்குள்?

ஒரே மாதத்தில் வந்த இரண்டு செய்திகளோடு ஆரம்பிக்கிறேன். மாதம்: மார்ச் 2017.

முதல் செய்தி. நைக்கி நிறுவனம் முஸ்லிம் விளையாட்டு வீராங்கனைகளுக்காக ஒரு ஹிஜாப் தயாரிப்பதாக அறிவித்தது. வியர்வையில் கனக்காத, ஓடும்போது நழுவாத மெல்லிய துணி. அதை அணிந்த வீராங்கனைகளின் படங்கள் உலகம் முழுக்கப் பரவின.

இரண்டாவது செய்தி. மார்ச் 14 அன்று லக்ஸம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஊழியர்கள் மத, அரசியல், தத்துவ அடையாளம் எதையும் வெளியே தெரியும்படி அணியக் கூடாது என்று ஒரு தனியார் நிறுவனம் பொது விதி வைத்திருந்தால், அந்த விதியின்படி ஹிஜாபைத் தடுப்பது நேரடிப் பாகுபாடு ஆகாது என்பதுதான் அதன் சாரம்.

அதாவது ஹிஜாப் அணிந்த பெண்ணின் படத்தைக் கடை வாசலில் ஆள் உயரத்துக்கு மாட்டலாம். அதே பெண் உள்ளே கல்லாவில் உட்கார வேண்டுமென்றால் விதி குறுக்கே நிற்கலாம்! இந்த முரண்பாடு எப்படி வந்தது என்று தேடிப் பார்த்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

(ஒரு விளக்கம்: இந்தக் கட்டுரையில் ஹிஜாப் என்று நான் சொல்வது தலையையும் கழுத்தையும் மறைக்கும் துணியை மட்டும். முகத்தை மூடுவது வேறு.)

சிகரெட் பெட்டியில் ஒரு பெண்

மேற்கத்திய விளம்பரங்களில் முஸ்லிம் பெண் இப்போதுதான் முதல்முறையாகத் தோன்றுகிறாள் என்று நினைத்தால் அது தவறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் துருக்கிப் புகையிலை கலந்த சிகரெட்டுகளுக்குப் பெரிய மவுசு இருந்தது. அவற்றில் ஒன்றின் பெயர் ‘ஃபாத்திமா’. பெட்டியின் மேல் முகத்திரை அணிந்த ஒரு பெண்ணின் படம் இருக்கும். அந்தப் பெயர் பல பத்தாண்டுகள் சந்தையில் நிலைத்தது. 1949-ல் தொடங்கிய ‘டிராக்நெட்’ என்ற புகழ்பெற்ற வானொலித் துப்பறியும் தொடருக்குக்கூட ஃபாத்திமா சிகரெட் விளம்பரதாரராக இருந்தது.

யோசித்துப் பாருங்கள். அந்தப் படத்தில் இருந்த பெண் அந்தச் சிகரெட்டின் வாடிக்கையாளர் அல்ல. அதைச் செய்த தொழிற்சாலையின் ஊழியரும் அல்ல. தூரதேச மர்மம் என்ற வாசனையைச் சரக்குக்கு ஏற்றுவதற்காக வரையப்பட்ட ஒரு ஓவியம், அவ்வளவுதான்.

ஓவியம் மனுஷியாக மாறியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. பிரிட்டனுக்குப் பாகிஸ்தானிலிருந்தும், பிரான்ஸுக்கு அல்ஜீரியா, மொராக்கோவிலிருந்தும் தொழிலாளர்கள் வந்தார்கள். மேற்கு ஜெர்மனி 1961-ல் துருக்கியோடு ஒப்பந்தம் போட்டது. பெல்ஜியம் 1964-ல் மொராக்கோவோடும் துருக்கியோடும் ஒப்பந்தம் போட்டது. முதலில் வந்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். பிறகு குடும்பங்கள் வந்தன. அங்கேயே பிறந்து, அந்த ஊர்ப் பள்ளிகளில் படித்து வளர்ந்த மகள்கள் வேலை தேடும் வயதுக்கு வந்தார்கள்.

அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்க வந்த அம்மாவின் தலைத்துணி பெரிய பிரச்சினையாகப் பேசப்படவில்லை. வரவேற்பு மேசையில் உட்கார வந்த மகளின் தலைத்துணிதான் வழக்காக மாறியது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்த இடம் இதுதான்.

டல்சா நகரத்துத் துணிக்கடை

2008-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா என்ற ஊர். சமந்தா எலாஃப் என்ற 17 வயதுப் பெண் அபர்க்ராம்பி அண்ட் ஃபிட்ச் நிறுவனத்தின் துணிக்கடையில் வேலைக்கு விண்ணப்பித்தார். நேர்முகத் தேர்வுக்குக் கருப்பு ஹிஜாப் அணிந்து போனார். தேர்வு செய்த உதவி மேலாளர் அவருக்கு வேலை கொடுக்கப் போதுமான மதிப்பெண் போட்டார். ஆனால் ஹிஜாப் விஷயத்தில் சந்தேகம் வந்து மேலிடத்தில் கேட்டபோது, வட்டார மேலாளர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காரணம், ஊழியர் எப்படித் தோற்றமளிக்க வேண்டும் என்று அந்த நிறுவனம் வைத்திருந்த ‘லுக் பாலிசி’. அதன்படி தலையில் தொப்பி வகையறா எதுவும் கூடாது.

இதில் ஒரு சுவாரசியமான விஷயம். அந்த நிறுவனம் தன் கடை விற்பனையாளர்களை விற்பனையாளர்கள் என்று அழைக்கவில்லை. ‘மாடல்கள்’ என்று அழைத்தது! துணி மடித்து வைப்பவரும் விளம்பரம்தான், பில் போடுபவரும் விளம்பரம்தான். விளம்பரமும் வேலைவாய்ப்பும் வேறு வேறு தலைப்புகள் என்று நாம் நினைக்கிறோம். அந்தக் கடையில் இரண்டும் ஒன்றாக இருந்தன. யாருடைய முகம் விளம்பரத்துக்குப் பொருந்தாதோ அவருக்கு வேலையும் கிடையாது.

அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 2009-ல் எலாஃபுக்காக வழக்குப் போட்டது. 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் மதத்தின் பெயரால் வேலை மறுப்பதைத் தடை செய்கிறது. மதம் என்றால் நம்பிக்கை மட்டுமல்ல, அதைப் பின்பற்றும் நடைமுறையும்தான் என்று 1972-ல் வந்த திருத்தம் தெளிவாக்கியது. கீழ் நீதிமன்றத்தில் அவருக்கு 20,000 டாலர் இழப்பீடு கிடைத்தது. 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. மத காரணத்துக்காகத்தான் அணிகிறேன், விலக்கு வேண்டும் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லையே என்பது அதன் வாதம்.

2015 ஜூன் 1 அன்று உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் எலாஃப் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் பழமைவாதி என்று பெயர் எடுத்த நீதிபதி ஆண்டனின் ஸ்கேலியா. விலக்குக் கொடுக்க நேருமே என்று தவிர்ப்பதற்காக ஒருவருக்கு வேலை மறுத்திருந்தால், அவர் வாய்விட்டுச் சொன்னாரா இல்லையா என்பது கேள்வியே அல்ல என்றார். எல்லோருக்கும் ஒரே விதிதானே என்று நிறுவனம் சொல்வது போதாது, மத நடைமுறைக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

தீர்ப்பு வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, 2015 ஏப்ரலில், கடை ஊழியர்களை இனி ‘மாடல்கள்’ என்று அழைக்கப் போவதில்லை என அந்த நிறுவனம் அறிவித்தது.

பெல்ஜியத்தின் வரவேற்பு மேசை

ஐரோப்பாவில் கதை வேறு மாதிரி போனது. பெல்ஜியத்தில் சமீரா அச்பிடா என்பவர் 2003-ல் ஜி4எஸ் நிறுவனத்தில் வரவேற்பாளராகச் சேர்ந்தார். மூன்று வருடம் வேலை பார்த்தார். 2006 ஏப்ரலில், இனிமேல் பணி நேரத்திலும் ஹிஜாப் அணியப் போவதாகச் சொன்னார். மத அடையாளம் கூடாது என்பது அதுவரை எழுதப்படாத விதி. இதற்குப் பிறகு அது எழுத்தில் ஏறியது. அந்த எழுத்து விதி ஜூன் 13 அன்று அமலுக்கு வந்தது. அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டது ஜூன் 12!

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன 2017 மார்ச் 14 தீர்ப்பு இந்த வழக்கில் வந்ததுதான். வாடிக்கையாளர்கள் முன்னால் நடுநிலையாகத் தோன்ற ஒரு நிறுவனம் விரும்புவது நியாயமான நோக்கம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கூடவே, வாடிக்கையாளர் கண்ணில் படாத வேறு வேலையை அவருக்குக் கொடுத்திருக்க முடியுமா என்று உள்நாட்டு நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. கண்ணில் படாத வேலை! தரை கூட்டிய அம்மாவின் இடத்துக்கே மகளைத் திருப்பி அனுப்புவது போல எனக்குப் பட்டது.

அதே நாளில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. பிரான்ஸில் ஆஸ்மா பூக்னாவி என்ற மென்பொருள் பொறியாளரின் ஹிஜாப் தங்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்று வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்று புகார் சொன்னதால் 2009-ல் அவர் வேலையை இழந்திருந்தார். வாடிக்கையாளரின் விருப்பம் மட்டுமே ஒருவரை நீக்கப் போதுமான காரணம் ஆகாது என்று நீதிமன்றம் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குக் கிடைக்கும் அர்த்தம் இதுதான்: வாடிக்கையாளர் முகம் சுளித்த பிறகு நீக்கினால் தவறு, முகம் சுளிப்பாரோ என்று முன்கூட்டியே பொது விதி போட்டுவிட்டால் தப்பித்துவிடலாம்.

2021 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து வந்த வழக்குகளில் அதே நீதிமன்றம் கொஞ்சம் இறுக்கியது. நடுநிலை வேண்டும் என்று ஆசைப்பட்டால் மட்டும் போதாது, அதற்கு உண்மையான தேவை இருப்பதை நிறுவனம் காட்ட வேண்டும் என்றது. ஆனால் 2023 நவம்பரில், அரசு அலுவலகங்கள் இப்படித் தடை போடலாம் என்றும் சொல்லிவிட்டது.

படங்கள் வந்த காலம்

இதே ஆண்டுகளில்தான் விளம்பரங்களும் மாறின. எலாஃப் வழக்கில் தீர்ப்பு வந்த அதே 2015-ல் எச் அண்ட் எம் நிறுவனத்தின் விளம்பரப் படத்தில் லண்டனைச் சேர்ந்த மரியா இத்ரிஸி ஹிஜாபோடு தோன்றினார். சில நொடிக் காட்சிதான், ஆனால் உலகச் செய்தி ஆனது. 2016 தொடக்கத்தில் டோல்சே அண்ட் கபானா, அபாயா உடைகளை வெளியிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் பிரான்ஸின் பெண்கள் உரிமை அமைச்சரே இப்படிப்பட்ட நிறுவனங்களைக் கடுமையாகச் சாடினார். 2019 பிப்ரவரியில் டெகாத்லான் நிறுவனம் ஓட்டப் பயிற்சிக்கான ஹிஜாபை பிரான்ஸில் விற்கப் போவதாகச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் அங்கே விற்பனையைக் கைவிட்டது.

விளம்பரங்கள் மீது நியாயமான விமர்சனங்களும் உண்டு. ஹிஜாப் அணியாத முஸ்லிம் பெண்களும் ஏராளம். விளம்பரக்காரர்களுக்கு அவர்களை முஸ்லிம் என்று ‘காட்ட’ வழி தெரியாததால் அவர்கள் படத்திலேயே இல்லை. அதே போல, துணியை அணியச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் உண்டு. ஈரானில் 1936-ல் கழற்றச் சொன்னதும் அரசுதான், 1979 புரட்சிக்குப் பிறகு அணியச் சொன்னதும் அரசுதான். அணிவதா வேண்டாமா என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் என் கட்சி. அதில் அரசுக்கோ மேலாளருக்கோ என்ன வேலை?

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஹலீமா ஏடன். கென்யாவின் ககுமா அகதி முகாமில் பிறந்த சோமாலியப் பெண். 2016-ல் மின்னசோட்டா மாநில அழகிப் போட்டியில் ஹிஜாபோடு கலந்துகொண்டார். பிறகு பெரிய மாடலிங் நிறுவனத்தின் ஒப்பந்தம், 2018-ல் பிரிட்டிஷ் வோக் இதழின் அட்டைப்படம் என்று உயரத்துக்குப் போனார். 2020 நவம்பரில் எல்லாவற்றையும் விட்டு விலகினார். படப்பிடிப்புக்குப் படப்பிடிப்பு தன் ஹிஜாப் சுருங்கிக்கொண்டே போனதாகச் சொன்னார். அவர் சொன்ன காரணங்களில் முக்கியமான ஒன்று: அந்தத் துறையில் ஒப்பனையும் உடையும் பார்த்துக்கொள்ள முஸ்லிம் பெண்கள் போதுமான அளவு இல்லை.

எனக்கு இந்த முழு வரலாறும் அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டதாகத் தோன்றுகிறது. கேமராவுக்கு முன்னால் ஒரு முஸ்லிம் பெண்ணை நிறுத்திவிட்டார்கள். கேமராவுக்குப் பின்னால், உடை அலங்கார அறையில், படத்தைத் தேர்ந்தெடுக்கும் மேசையில் போதுமான இடம் கொடுக்கவில்லை. பின்னால் ஆள் இல்லாத படம் பழைய ஃபாத்திமா சிகரெட் பெட்டியை விட எவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறது?

அடுத்த முறை எந்த விளம்பரத்திலாவது எல்லா மதத்து முகங்களும் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், அப்படியே அந்தக் கடைக்குள் ஒரு முறை போய், பில் போடும் இடத்தையும் எட்டிப் பாருங்கள். அங்கேயும் அந்த முகங்கள் இருக்கின்றனவா?